பட்டியலில் இல்லாத வியாதி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட பதிவு இது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஆடிட், மாற்றல் வதந்தி என்று ஏதாவது ஒரு சாக்கு. உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. சொந்த வீட்டு விஷயத்தைப் பொதுவில் வைக்கத் தயக்கம். தங்கையிடமே கேட்டேன். "எம்பேரு மட்டும் போடாதண்ணே. மத்ததெல்லாம் எழுது, நாலு பேருக்கு ஒதவட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காரவும்.

நான் இருப்பது பெங்களூர் அடுகோடியில். சொந்த ஊர் விருதுநகர். பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராகச் சுற்றி, 2009ல் மாற்றலில் இங்கே வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். அடுகோடி என்றால் பழைய ஆட்களுக்கு மைக்கோ தொழிற்சாலை. வெளியூர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ். வீட்டிலிருந்து ஓசூர் ரோட்டில் இறங்கினால் நடக்கிற தூரம். மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் சேர்த்து 1974ல் உருவாக்கிய நிறுவனம் அது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று நம்மூரில் சொல்லிக்கொண்டிருந்தாலும், அங்கே வருகிறவர்களில் பெரும் பங்கு மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட நோயாளிகள். காலையில் அந்த வழியாக நடந்தால் கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் தெலுங்கும் மலையாளமும் காதில் விழும். கையில் பெரிய ஸ்கேன் கவர், தோளில் ஒரு பை, பையில் புளிசாதம்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் நானும் நிற்பேன் என்று 2009ல் தெரியாது.

*

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். இந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. என் மேஜையில்தான்.

பேங்கில் இன்சூரன்ஸ் பாலிசியும் விற்கச் சொல்வார்கள், தெரியும்தானே? அதில் 'கிரிட்டிகல் இல்னஸ்' பாலிசி என்று ஒன்று. குறிப்பிட்ட கொடிய நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பது. அந்த நோய்களின் பட்டியலில் புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு இவற்றோடு "அறிகுறிகள் நீடிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்று ஒரு வரி இருக்கும். டார்கெட்டை முடிக்க எத்தனையோ பேருக்கு அந்தப் பட்டியலை வேகமாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர்கூட அது என்ன என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது :-)

ஊருக்கே விற்றவன் தங்கைக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கவில்லை. இந்தப் பதிவில் நான் வருத்தப்படப் போகும் முதல் பட்டியல் அது.

2014. தங்கைக்கு 31 வயது. ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கண்ணில் பார்வை மங்கலாகி, வலி. கண்ணாடியை மாற்றினார்கள். தானாகவே சரியானது. நாலு மாதம் கழித்து இடது கால் மரத்துப்போனது. சத்துக் குறைவு என்று ஒரு இடத்தில் ஊசி போட்டார்கள். அதுவும் கொஞ்ச நாளில் சரியானது. வந்து போய், வந்து போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெங்களூருக்கு வரவழைத்து எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது.

மின்சார ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்பின் மேல் மயலின் என்று ஒரு உறை. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குழம்பிப்போய் அந்த உறையைத் தாக்கிவிடுகிறது. தாக்கிய இடத்தில் தழும்பு. ஸ்கிளிரோசிஸ் என்றால் இறுகிப்போதல். பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ என்ற மருத்துவர் 1868ல் இதைத் தனி நோயாக விவரித்தார். பெரும்பாலும் 20லிருந்து 40 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020ல் வந்த சர்வதேசக் கணக்கு சொல்கிறது. குளிர்நாட்டு வியாதி, இந்தியாவில் அபூர்வம் என்று முன்பு நினைத்தார்கள். எம்.ஆர்.ஐ. வந்து பரவிய பிறகுதான் இங்கும் இருப்பது வெளியே தெரிந்தது. மும்பையில் ரஹ்மத் ஃபசல்பாய் என்ற பெண்மணி 1985ல் இந்திய எம்.எஸ். சங்கத்தை ஆரம்பித்தார்.

"குணமாகுமா டாக்டர்?" என்று கேட்டேன். முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை, அடுத்த தாக்குதல் வராமல் தள்ளிப்போட மருந்து இருக்கிறது என்றார். வாரம் ஒரு ஊசி. இண்டர்ஃபெரான் பீட்டா. விலையை மருந்துக்கடையில் கேட்டபோது நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மாத மருந்து தங்கை சம்பளத்தைப் போலப் பல மடங்கு.

சரி, ஏன் அந்த விலை? வணிகவியல் படித்தவனுக்கு வரவேண்டிய கேள்வி இது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

*

முதலில் அமெரிக்கா. 1945ல் நியூயார்க்கில் சில்வியா லாரி என்ற பெண், இந்த நோயிலிருந்து மீண்டவர் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று செய்தித்தாளில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். தம்பிக்காக. வந்த கடிதங்கள் எல்லாம் எங்களுக்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டன. அந்தக் கடிதக்காரர்களைச் சேர்த்து 1946ல் அவர் தொடங்கியதுதான் அமெரிக்க எம்.எஸ். சங்கம். கூடப்பிறந்தவர்களுக்காக அலைவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

மருந்து வர அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனது. நோயின் போக்கையே மாற்றக்கூடிய முதல் மருந்து இண்டர்ஃபெரான் பீட்டா-1பி. 1993 ஜூலையில் அங்கே அனுமதி கிடைத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்கு இல்லை. யாருக்கு முதலில் என்று குலுக்கல் போட்டுத்தான் தீர்மானித்தார்கள். மருந்துக்குக் குலுக்கல்! நம்மூர் சீட்டுக் கம்பெனி ஞாபகம் வந்தது. 1996ல் இன்னொரு இண்டர்ஃபெரானும், கிளாட்டிராமர் என்ற வேறொரு ஊசியும் வந்தன.

இப்போது நாங்கள் கல்லூரியில் படித்த பாடத்துக்கு வருவோம். போட்டி கூடினால் விலை குறையும். சரிதானே? எம்.எஸ். மருந்துச் சந்தையில் நடந்தது தலைகீழ். 1990களில் வருடத்துக்கு 8,000லிருந்து 11,000 டாலர் வரை இருந்த அந்த முதல் தலைமுறை ஊசிகள், புதுப்புது மருந்துகள் வந்த பிறகு ஏறிக்கொண்டே போய், அமெரிக்காவில் வருடத்துக்கு 60,000 டாலர் அளவுக்கு வந்துவிட்டன என்று 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. புது மருந்து என்ன விலைக்கு இறங்குகிறதோ, அந்த உயரத்துக்குப் பழைய மருந்தும் ஏறிக்கொண்டது. கிளாட்டிராமரின் விலையை அதை விற்கும் டேவா நிறுவனம் 1997க்குப் பிறகு 27 முறை உயர்த்தியதாக 2020ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு எடுத்துக் காட்டியது. அதே மருந்தின் போட்டியாளர்களைத் தடுத்ததற்காக 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 46 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது.

இங்கிலாந்து வேறு மாதிரி யோசித்தது. கொடுக்கிற காசுக்கு இந்த மருந்துகளின் பலன் போதாது என்று 2002ல் அங்குள்ள மதிப்பீட்டு அமைப்பு சொல்லிவிட்டது. நோயாளிகள் கொதித்தார்கள். உடனே அரசு கம்பெனிகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. மருந்தைக் கொடுப்போம், நோயாளிகளைப் பல வருடம் கண்காணிப்போம், சொன்ன பலன் கிடைக்காவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும் என்று. கடன் கொடுக்கிற பேங்க்காரன் மூளை இது!

ஆக, ஒரே ஊசி, நாட்டுக்கு நாடு ஒரு விலை. தயாரிக்கிற செலவு மட்டும்தான் விலை என்றால் இது எப்படி நடக்கும்?

*

நம் கதைக்கு வருவோம். இதில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார், கவனிக்கவும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் 1911ஆம் வருடத்து வெள்ளைக்காரன் காப்புரிமைச் சட்டம்தான் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே அதிகமான விலைகளில் ஒன்று என்று அமெரிக்க செனட் குழுவே சொல்லும் நிலை. இந்தச் சட்டத்தை என்ன செய்யலாம் என்று ஆராயும் வேலை நீதிபதி என்.ராஜகோபால ஐயங்காரிடம் வந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பிறகு உச்சநீதிமன்றம் போனவர். 1959 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில், அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை என்று புட்டுப்புட்டு வைத்தார்.

அந்த அறிக்கையின் பிள்ளைதான் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரல் 20 முதல் அமலுக்கு வந்தது. மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான், அதுவும் அதிகபட்சம் ஏழு வருடம். அதாவது, இட்லிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒருவர் மாவு அரைக்கும் முறையை வேண்டுமானால் கொஞ்ச நாள் பூட்டி வைத்துக்கொள்ளலாம். வேறு முறையில் அரைத்து யார் வேண்டுமானாலும் அவித்து விற்கலாம். மும்பை, ஹைதராபாத், அகமதாபாத் மருந்துத் தொழில் வளர்ந்தது இந்தக் கதவு வழியாகத்தான். வருடம் 10,000 டாலருக்கு மேல் இருந்த எய்ட்ஸ் கூட்டு மருந்தை, 350 டாலருக்குத் தருகிறேன் என்று 2001ல் சிப்லாவின் யூசுப் ஹமீது உலகத்துக்குச் சொல்ல முடிந்ததும் அதனால்தான்.

உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் காப்புரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாள் வைத்தது. பிரிவு 3(டி). பழைய மருந்தையே கொஞ்சம் உருமாற்றிக் கொண்டுவந்தால், குணப்படுத்தும் திறன் கூடியிருப்பதைக் காட்டினால் ஒழியப் புதுக் காப்புரிமை கிடையாது. நோவார்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்து கிளீவெக் விண்ணப்பத்தை 2006ல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்தப் பிரிவே செல்லாது என்ற வழக்கை 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது சென்னை உயர்நீதிமன்றம். காப்புரிமை கிடையாது என்று 2013 ஏப்ரல் 1ல் இறுதியாகச் சொன்னது உச்சநீதிமன்றம். இடையில் 2012 மார்ச்சில், மாதம் 2,80,428 ரூபாய் விற்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க ஹைதராபாத் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார்கள்.

இரண்டு எண்களையும் இன்னொரு முறை பார்க்கவும். மாத்திரை அதேதான். மாறியது ஒரு கையெழுத்து.

நிற்க. இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் 2014ல் என் தங்கைக்கு ஏன் அந்த விலை? இண்டர்ஃபெரான் மாத்திரை இல்லை. உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கிற புரதம். ரசாயன மருந்தைப் போல ஒரு ஆய்வகம் சட்டென்று நகல் எடுத்துவிட முடியாது. பெரிய தொட்டி, குளிர்ச்சங்கிலி, புதிதாகச் சோதனை, எல்லாம் வேண்டும். போதாக்குறைக்கு வாங்குகிறவர்கள் குறைவு. பத்து கம்பெனி போட்டி போடுகிற சர்க்கரை மாத்திரைச் சந்தை இல்லை இது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே வர ஆள் வேண்டுமே.

*

வீட்டுக்கதை கொஞ்சம்.

ஊசியை 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். விருதுநகரில் கரண்ட் போனால் பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்கு ஓடுவார் மாப்பிள்ளை. போட்ட ராத்திரி காய்ச்சல் வரும் என்பதால் வெள்ளிக்கிழமை போட்டுக்கொள்வாள். சனி, ஞாயிறு படுத்துக் கிடந்துவிட்டுத் திங்கள் பள்ளிக்கூடம். செலவில் பாதி நான், பாதி அவர்கள் என்று பேச்சு.

2015 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் ஊசிப் பெட்டிகள். பேங்க்காரன் புத்தி, எண்ணிப் பார்த்தேன். பெட்டிக்கு நாலு ஊசி. ஜூனிலிருந்து இத்தனை வாரம். இத்தனை பெட்டி தீர்ந்திருக்க வேண்டும். கணக்கு இடித்தது. திரும்ப எண்ணினேன். இடித்தது.

கேட்டபோது முதலில் மழுப்பினாள். அப்புறம், "பத்து நாளைக்கு ஒண்ணு போட்டுக்கறேன்ணே. சில சமயம் ரெண்டு வாரம். நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். கழுத்தில் தாலிக்கொடி மட்டும் இருந்தது. சங்கிலி, வளையல் எங்கே என்று நான் கேட்கவில்லை. தினமும் நகைக்கடன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அது தெரியாதா? என் பேங்க் கிளை ஊரிலும் உண்டு. அங்கே போனால் எனக்குத் தகவல் வந்துவிடும் என்று வேறு பேங்கில் வைத்திருக்கிறாள்.

2016 ஜனவரியில் இரண்டு காலும் விழுந்தது. மூன்று வாரம் என் வீட்டில், சக்கர நாற்காலியில். ஊசியை இழுத்துப் போட்டதால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் வரும். ஆனால் எண்ணிப் பார்த்த எனக்கு மனசு ஆறவில்லை.

ஸ்டீராய்டு ஏற்றி, மெதுவாக நடக்க ஆரம்பித்த பிறகு டாக்டர் இன்னொரு மருந்தைச் சொன்னார். ரிட்டுக்ஸிமாப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற வேண்டும். விலை கேட்டால், ஒரு வருஷச் செலவே முன்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஆன செலவுக்குள் அடங்குகிறது.

"இவ்வளவு மலிவா இருக்கே, முதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "இது புற்றுநோய் மருந்து. பெட்டியில் எம்.எஸ். என்று எழுதியிருக்காது."

*

அந்த மருந்தின் கதை எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி.

ரிட்டுக்ஸிமாப் 1997ல் அமெரிக்காவில் ஒருவகைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ரத்தத்தில் உள்ள பி செல்களை அழிக்கும். 2007ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ஹைதராபாத்தில் அதன் நிகர் மருந்தைத் தயாரித்து, மூல மருந்தில் ஏறக்குறைய பாதி விலையில் விற்பனைக்கு விட்டது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2008 பிப்ரவரியில் எம்.எஸ். நோயாளிகள் 104 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. 48 வாரத்தில், வெற்று மருந்து ஏற்றியவர்களில் 40 சதவீதம் பேருக்கு நோய் மறுபடி தாக்கியது. ரிட்டுக்ஸிமாப் ஏற்றியவர்களில் 20 சதவீதம்.

அடுத்து என்ன செய்வார்கள்? எம்.எஸ்.க்கும் அனுமதி வாங்குவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? வாங்கவில்லை. அதற்குப் பெரிய சோதனைகள் வேண்டும், பணம் வேண்டும். மருந்தோ காப்புரிமையின் கடைசிக் காலத்தில். அதன் அமெரிக்க நிறுவனமான ஜெனென்டெக், அதே பி செல்லைத் தாக்கும் ஒக்ரெலிஸுமாப் என்ற புதிய மருந்தைக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் அனுமதி. வருடத்துக்கு 65,000 டாலர். நியாயமாகச் சொன்னால், தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகை எம்.எஸ்.க்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய மருந்துக்கு வழக்காட ஆளில்லாமல் போனது.

வழக்காடியது சுவீடன் டாக்டர்கள். கம்பெனி எழுதாவிட்டால் என்ன, நாங்கள் எழுதித் தருகிறோம் என்று நோயாளிகளுக்குக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, கடைசியில் தாங்களே ஒப்பீட்டுச் சோதனையும் நடத்தினார்கள். 2022ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் நோய் மறுபடி தாக்கியது டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம், ரிட்டுக்ஸிமாப்பில் 3 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனம் 1977லிருந்து அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளியிடுகிறது. ஏழை நாட்டு அரசுகள் மருந்து வாங்குவதற்கு அதுதான் வழிகாட்டி. நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக அதில் எம்.எஸ். மருந்து ஒன்றுகூட இல்லை. 2019ல் சர்வதேச எம்.எஸ். கூட்டமைப்பு கொடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 2023 ஜூலையில்தான் மூன்று மருந்துகள் ஏறின. கிளாட்டிராமர், கிளாட்ரிபின், ரிட்டுக்ஸிமாப். மூன்றில் இரண்டு, புற்றுநோய்க்காகப் பிறந்தவை. பெட்டியில் எம்.எஸ். என்று எழுதாத மருந்து, உலகப் பட்டியலில் எம்.எஸ். என்ற தலைப்பின் கீழேயே ஏறிவிட்டது.

அந்த ராத்திரி தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். "சரிண்ணே, அதனால வெல கொறையுமா?" என்றாள். கணக்கு டீச்சர் அல்லவா :-)

*

அவள் கேட்டது சரி. பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நம் நாட்டிலேயே பாருங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. அதில் எம்.எஸ். பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் வருமான வரிப் பட்டியல்? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில், சில நோய்களின் வைத்தியச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு கேட்க வழி இருந்தது. அதற்கான விதி 11டிடியில் பார்க்கின்சன் இருந்தது, மறதி நோய் இருந்தது, எட்டு நரம்பு நோய்கள் இருந்தன. எம்.எஸ். பெயர் இருக்கவில்லை. தங்கைக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பது நான்தான். வருடா வருடம் அந்த எட்டு பெயரையும் விரலால் தடவிப் பார்ப்பேன்.

இன்சூரன்ஸ் இன்னும் வேடிக்கை. 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. அதில் ஒரு பட்டியல், கம்பெனிகள் இனி மறுக்கக் கூடாத நவீன சிகிச்சைகள். ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதில் உண்டு. ரிட்டுக்ஸிமாப் அந்த இனம்தான். ஆஹா என்று பக்கத்தைப் புரட்டினால் இன்னொரு பட்டியல், ஏற்கெனவே இருந்தால் நிரந்தரமாக விலக்கிவைத்து பாலிசி கொடுக்கலாம் என்ற நோய்கள். அதில் மயலின் உறையைத் தாக்கும் நோய்கள். அதாவது எம்.எஸ். ஒரே தாளில் வலது கை கொடுத்ததை இடது கை எடுத்துக்கொண்டது. தங்கையின் பள்ளிக்கூடக் குழு பாலிசியில் ஒருமுறை கேட்டுப் பார்த்தோம். பெட்டியில் எழுதாத நோய்க்குக் கொடுத்த மருந்து என்று கடிதம் வந்தது. நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். இரண்டு வரியில் மறுபடி மறுத்தார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். மருந்தின் விலை என்பது மழை மாதிரி வானத்திலிருந்து விழுவதில்லை. 1959ல் ஒரு நீதிபதி எழுதிய அறிக்கை, 2005ல் சேர்த்த ஒரு பிரிவு, 2012ல் போட்ட ஒரு கையெழுத்து, சுவீடனில் சில டாக்டர்களின் பிடிவாதம், ஒரு விதியில் விட்டுப்போன ஒரு பெயர். ஒவ்வொரு ரூபாய்க்குப் பின்னாலும் யாரோ எடுத்த முடிவு இருக்கிறது. எடுத்த முடிவை மாற்றவும் முடியும்.

இன்னும் ஒன்று, வாங்குகிற விதம். 1994ல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக வாங்குவதற்குப் பதில், மாநிலத்துக்கே ஒரே டெண்டர். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு அது. பெரிய டெபாசிட்டுக்குத் தனி வட்டி கொடுக்கிறோமே, அதே தத்துவம்தான். இங்கே ரிட்டுக்ஸிமாப்புக்கு இப்போது பல கம்பெனிகள் இருக்கின்றன. எம்.எஸ். மாத்திரைகளுக்கும் இந்தியத் தயாரிப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2017ல் அனுமதி பெற்ற கிளாட்டிராமர் நிகர் மருந்துக்கே ஹைதராபாத் நாட்கோதான் பங்காளி. சரக்கு நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மொத்தமாகக் கேட்க ஒரு ஆள்தான் வேண்டும்.

*

தங்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூத்துக்குடி - மைசூர் எக்ஸ்பிரஸில் வருகிறாள். டிரிப் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். 2016க்குப் பிறகு பெரிய தாக்குதல் இல்லை. வெயில் காலத்தில் கால் தளரும். படி ஏறக் கைப்பிடி வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள்.

போன முறை வந்தபோது ஓசூர் ரோட்டு மருந்துக்கடையில் ஒரு பெரியவர், தருமபுரிக்காரர், மகளின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலையைக் கேட்டுவிட்டு நகராமல் நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், சங்கடம். இவள்தான் போய், "என்ன மருந்துப்பா, நான் பாக்கலாமா?" என்று சீட்டை வாங்கினாள். இவளுக்கு முன்பு எழுதிய அதே வார ஊசி. பத்து நிமிஷம் பேசினாள். சீட்டின் பின்பக்கம் டீச்சர் கையெழுத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். ஒன்று, வேறு கம்பெனியில் இதே மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கவும். இரண்டு, விலை கட்டுப்படியாகவில்லை என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லவும், வேறு வழி இருக்கலாம். மூன்றாவதை அடிக்கோடு போட்டிருந்தாள்: மருந்தை இழுத்துப் போடக் கூடாது.

பெரியவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமே நடந்தார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். ரிட்டுக்ஸிமாப்பிலும் தொற்று அபாயம் உண்டு. ஹெபடைடிஸ் பி சோதனை முதல் தடுப்பூசி வரை முன்னதாகப் பார்க்க வேண்டியவை உண்டு. அதெல்லாம் நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டியது. கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் என்னைத் திட்டவும்.